நோய்க்கு மருந்தா, பூட்டா?

நீதிபதி ஒருவர் தம் முன் நிற்கும் குற்றவாளிக்குக் கைதட்டுவது புதுமையான காட்சிதான். அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்து மயாமியில் 1989-ஆம் ஆண்டு தோன்றிய போதை மறுவாழ்வு நீதிமன்றம் அந்தப் புதுமையைத் தொடங்கி வைத்தது. கொக்கெய்ன் வழக்குகளால் சிறைகள் நிரம்பி வழிந்த காலம் அது. பிடிபட்டவரைச் சிறைக்கு அனுப்பாமல் சிகிச்சைக்கு அனுப்பி, அடிக்கடி நீதிபதியே அழைத்து நலம் விசாரித்து, சிறுநீர்ச் சோதனையில் தேறி வந்தால் முடிவில் வழக்கையே கைவிடுவது அங்கு முறையாயிற்று. இன்று அந்நாட்டில் இத்தகைய நீதிமன்றங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. இவற்றால் மீண்டும் குற்றம் புரிவோர் தொகை குறைகிறது என ஆய்வுகள் பலவும் கூறுகின்றன. நாமும் அதை மறுக்கவில்லை.

சோதனையில் தேறாதவர்க்கு என்ன நேர்கிறது என்பதே நம் வினா. சில நாள் சிறை. மீண்டும் தவறினால் மேலும் சில நாள். பல இடங்களில் சிகிச்சைக்கு முன்னரே குற்றத்தை ஒப்புக்கொண்டாக வேண்டும். எனவே, இறுதியில் தோற்றவர் முழுத் தண்டனையையும் சுமக்கிறார்.

போதை அடிமைத்தனம் ஒரு நோய் என்று சொல்லித்தானே இந்நீதிமன்றம் கூடிற்று? மீண்டும் வீழ்தல் அந்நோயின் இயல்பன்றோ? இரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டது என்பதற்காக எந்த மருத்துவராவது நோயாளியைப் பூட்டி வைப்பாரா? ‘சர்க்கரை நோயாளி பிறர் வீட்டில் திருடுவதில்லையே’ என்று நம்மை மடக்குவோர் உண்டு. திருட்டுக்குத் தண்டனை வழங்கட்டும். நாம் குறுக்கே நிற்கவில்லை. சிறுநீரில் தென்பட்ட போதைக்குச் சிறை எதற்கு?

அச்சிறை உயிருக்கே உலை வைக்கக்கூடியது. சில வாரங்கள் ஹெராயின் இன்றி இருந்த உடல், பழைய அளவைத் தாங்கும் வலுவை இழந்துவிடுகிறது. வெளியே வந்தவர் பழைய அளவையே எடுக்கிறார், மூச்சு நின்றுவிடுகிறது. விடுதலைக்குப் பின்வரும் முதல் இரு வாரங்களே மிகக் கொடியவை. இச்சாவைத் தடுக்கவல்ல மெத்தடோன், புப்ரெனார்ஃபின் ஆகிய மருந்துகளையோ, ‘ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை’ என்று கூறி நீதிபதிகள் பலர் நெடுங்காலம் தடுத்து வந்தனர். மருந்துச் சீட்டு எழுதச் சட்டக் கல்லூரியில் எப்போது கற்பித்தார்களோ! இம்மருந்துகளை மறுக்கும் நீதிமன்றங்களுக்கு மானியம் இல்லை என்று நடுவண் அரசு விதித்தது 2015-இல்தான்.

கடல் கடந்த கதை என்று நாம் வாளாவிருக்க இயலாது. நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் 64-ஏ பிரிவு, சிறிதளவு போதைப்பொருள் வழக்கில் சிக்கிய அடிமை தானே முன்வந்து, அரசு ஏற்ற நிலையத்தில் சிகிச்சை பெற்றால், அவருக்கு வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. நல்ல பிரிவே. ஆனால், சிகிச்சையை முழுமையாகப் பெறாவிடில் அவ்விலக்கைத் திரும்பப் பெறலாம் என்ற வரியும் அதிலேயே ஒட்டியிருக்கிறது. பாதியில் ஓடிப்போகிறவர் பெரும்பாலும் யார்? நோய் முற்றியவரே. அவர் முகத்தில்தான் கதவு அறைந்து சாத்தப்படுகிறது. அவ்வரியை நாடாளுமன்றம் நீக்க வேண்டும்; திரும்பி வருகிறவரை எத்தனையாவது முறை என்று எண்ணாமல் சேர்த்துக்கொள்ளுமாறு அரசு மருத்துவமனைகளுக்கு ஆணையிட வேண்டும்.