உண்மையைத் தேடிச் செல்பவரின் வழிச்செலவை யார் தருவது?

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்…

ஜும்ஆ முடிந்து வெளியே வந்ததும் நாம் பேசிக்கொள்ளும் பேச்சுகளில் ஒன்று மாறுவதே இல்லை: "ஊடகங்கள் பொய் சொல்கின்றன, நம்மைப் பற்றி அவதூறு பரப்புகின்றன, ஏழைகளைப் பற்றி எழுத யாருமில்லை." இந்தக் குறை நியாயமானது. ஆயினும் அதைச் சொல்லும் நாம் நம்மையே கேட்டுக்கொள்ளத் தவறும் கேள்வி ஒன்றுண்டு. பொய்க்குப் பணம் கொடுக்க ஆளிருக்கும் உலகில், உண்மைக்காக நாம் கொடுத்தது என்ன?

நம் அருகிலுள்ள ஜவ்வாது மலையை எடுத்துக்கொள்வோம். 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதியை ஒட்டிய சேஷாசலம் காட்டில் தமிழகத் தொழிலாளர்கள் 20 பேர் ஆந்திரக் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். செம்மரம் வெட்ட வந்தவர்கள் தாக்கியதால் தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல்துறை. இறந்தவர்களில் சிலர் பேருந்தில் சென்றுகொண்டிருந்தபோதே பிடித்துச் செல்லப்பட்டவர்கள் என்று தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் சாட்சியம் அளிக்கப்பட்டது. அந்த இருபதின்மரில் பலர் ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடியினர். சாமை விதைத்தும் புளியும் தேனும் சேகரித்தும் வாழ்கின்ற மக்கள்.

சில நாட்களுக்கு ஊடகங்களின் வண்டிகள் மலையேறின. பிறகு இறங்கிவிட்டன. ஆனால் எழுதப்பட வேண்டிய செய்தி அதன் பிறகுதான் தொடங்குகிறது. அந்த மனிதர்களை யார் அழைத்துச் சென்றார்? முன்பணம் கொடுத்த தரகர் யார்? வெட்டிய மரம் எந்தத் துறைமுகத்தின் வழியாக எந்த நாட்டுக்குப் போகிறது? வெட்டியவன் சாகிறான், விற்றவன் எங்கே இருக்கிறான்? விதவையான பெண்கள் எதைக் கொண்டு பிள்ளைகளை வளர்க்கின்றனர்?

இவற்றுக்கு விடை காண வேண்டுமெனில், ஒருவர் ஜமுனாமரத்தூரில் மாதக்கணக்கில் தங்கியிருக்க வேண்டும். சாலையற்ற சிற்றூர்களுக்கு நடக்க வேண்டும். தெலுங்கில் எழுதப்பட்ட முதல் தகவல் அறிக்கையை மொழிபெயர்க்க ஆள் வைக்க வேண்டும். நீதிமன்றத்துக்குப் பலமுறை சென்றுவர வேண்டும். மிரட்டல் வந்தால் வழக்கறிஞரை அணுக வேண்டும். அத்தனை நாளும் அவருடைய வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். செய்திக்கு இவ்வளவு எனக் கூலி பெறும் மாவட்டச் செய்தியாளரால் இது இயலுமா? விளம்பரத்தால் வாழும் நாளிதழுக்கு, விளம்பரம் தராத மலைவாசிக்காக ஓர் ஆளை ஆறு மாதம் விட்டுக்கொடுக்க மனம் வருமா?

ஓர் ஒட்டகத்தின் விலை

உண்மையைத் தேடும் பயணத்துக்குச் செலவுண்டு என்பதை நம் மார்க்க வரலாறு நன்கறியும். நபித்தோழர் ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள், தாம் நேரில் கேட்டிராத ஒரு நபிமொழி அப்துல்லாஹ் இப்னு உனைஸ் (ரலி) அவர்களிடம் இருப்பதை அறிந்தார்கள். ஓர் ஒட்டகத்தை விலைக்கு வாங்கி, ஒரு மாத காலம் பயணம் செய்து ஷாம் தேசத்தை அடைந்து, அதை அவர்களின் வாயாலேயே கேட்டறிந்தார்கள். இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் தமது 'அல்அதபுல் முஃப்ரத்' நூலில் இதைப் பதிவு செய்துள்ளார்கள்.

அவர்கள் தேடிச் சென்ற நபிமொழி எதைப் பற்றியது தெரியுமா? மனிதர் மனிதருக்கு இழைத்த அநீதிகள், ஓர் அறையாக இருந்தாலும், மறுமையில் கணக்குத் தீர்க்கப்படாமல் யாரும் சொர்க்கம் புக முடியாது என்பதைப் பற்றியது. ஓர் அறைக்கே அந்தக் கணக்கு என்றால், 20 உயிர்களின் கணக்கு எத்தகையது!

செய்தி கொண்டுவருபவனை அப்படியே நம்பிவிடாமல் தீர விசாரிக்குமாறு அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6 ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. வாட்ஸ்அப்பில் வந்ததை அடுத்த நொடியே பத்துக் குழுக்களுக்கு அனுப்புவது விசாரணை ஆகாது. விசாரிக்க ஒருவர் புறப்பட வேண்டும். புறப்படுபவருக்கு ஓர் ஒட்டகம் வேண்டும். அந்த ஒட்டகத்தின் விலையைத்தான் இங்கே நாம் கேட்கிறோம்.

இன்று யார் கொடுக்கிறார்கள்?

உலகில் இதற்கென நிறுவனங்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் 2006 இல் தொடங்கப்பட்ட புலிட்சர் மையம், காடுகளையும் கடலையும் பற்றி ஆராயும் செய்தியாளர்களுக்கு நல்கை வழங்குகிறது. 2004 முதல் இயங்கும் எர்த் ஜர்னலிசம் நெட்வொர்க், சுற்றுச்சூழல் செய்தியாளர்களுக்குப் பயிற்சியும் நிதியும் அளிக்கிறது. நம் நாட்டில் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு 2015 இல் உருவான சுதந்திர ஊடகங்களுக்கான அறக்கட்டளை, அஸீம் பிரேம்ஜி உள்ளிட்டோரின் நன்கொடையால் பல இணைய இதழ்களைத் தாங்கி நிற்கிறது.

நல்கை ஒன்று என்ன செய்யும் என்பதற்குப் பி. சாய்நாத் சான்று. 1993 இல் 'தி டைம்ஸ் ஆஃப் இந்தியா' நாளிதழின் ஃபெலோஷிப் பெற்று, ஐந்து மாநிலங்களின் மிக வறிய மாவட்டங்களில் அவர் அலைந்தார். நம் இராமநாதபுரமும் புதுக்கோட்டையும் அவற்றில் அடங்கும். 1996 இல் அது நூலாக வந்தபோது, வறட்சியின் பெயரால் யார் கொழுக்கிறார்கள் என்பதை நாடு கண்டது. 2014 இல் அவர் தொடங்கிய 'பாரி' இணையக் காப்பகம், இன்று தமிழ் உட்படப் பல மொழிகளில் கிராமத்து மனிதர்களின் வாழ்வைப் பதிவு செய்கிறது.

அப்படியென்றால் வெளிநாட்டார் பார்த்துக்கொள்வார்கள் என்று நாம் இருந்துவிடலாமா? இயலாது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010, பதிவு பெற்ற நாளிதழின் செய்தியாளரும் ஆசிரியரும் உரிமையாளரும் வெளிநாட்டு நன்கொடை பெறுவதைத் தடை செய்கிறது. ஆக, சொந்த நாட்டு மக்கள் கொடுக்கவில்லையெனில், ஜவ்வாது மலையின் செய்தியை எழுத விரும்பும் உள்ளூர்ச் செய்தியாளருக்கு எஞ்சுவது அரசியல்வாதியின் கவரும் ஆலை முதலாளியின் விளம்பரமும்தான். கவரை வாங்கியவரின் பேனா எங்கே நிற்கும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

கசப்பான பக்கம்

இனி நம் செல்வந்தர்களின் முகத்தை நோக்கியே பேசுகிறோம். ஜவ்வாது மலைக்கு வடக்கே பாலாற்றுப் பள்ளத்தாக்கு. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை எனத் தோல் பதனிடும் ஊர்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. அந்தத் தொழிலை வளர்த்தவர்களில் பெரும்பகுதியினர் நம்மவர்கள். 1919 இல் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி எழுந்ததும், 1924 இல் உமராபாத் ஜாமிஆ தாருஸ்ஸலாம் எழுந்ததும் அந்த வணிகர்களின் ஈகையால்தான். மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் நம் போன்றோரின் உணவிலும் அந்தத் தோலின் பங்கு இருக்கிறது. அவர்களின் நன்மையை மறுப்பவன் நன்றி கெட்டவன்.

ஆனால் பாலாற்றுக்கு நேர்ந்தது என்ன? வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் ஆலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றதாகிவிட்டதாக அத்தீர்ப்பு பதிவு செய்கிறது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டிய தீர்ப்புகளில் முதன்மையானது அது. 28 ஆண்டுகளுக்கும் மேல் கழிந்த பின், 2025 ஜனவரி 30 அன்று, அதே பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் மீண்டும் ஒரு தீர்ப்பு எழுத நேர்ந்தது. சேஷாசலம் துயரம் நிகழ்ந்த அதே 2015 இல், ஜனவரி 31 அன்று, இராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் கழிவுச் சேற்றில் மாண்டனர்.

காட்டில் இறந்தவனும் கழிவில் இறந்தவனும் பிழைப்புக்காக ஊர்விட்டு வந்தவர்கள். முதலாமவனுக்காக எழுதப் பணம் தருவோம், இரண்டாமவனைப் பற்றி எழுதினால் சமுதாயத்துக்கு இழுக்கு என்று சொல்வோமானால், நாம் தேடுவது உண்மையன்று, நம் வசதி. உங்களுக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராக இருந்தாலும் நீதியில் நிலைத்து நில்லுங்கள் என்ற அந்நிஸா அத்தியாயத்தின் 135 ஆம் வசனம் யாருக்காக அருளப்பட்டது? தீங்கு செய்வதும் கூடாது, பதிலுக்குத் தீங்கிழைப்பதும் கூடாது என்ற நபிமொழியை மதரஸாவில் மனனம் செய்விக்கிறோம். அது ஆற்று நீருக்குப் பொருந்தாதா?

மறுப்போருக்கு

"குறையை மறைப்பதுதானே மார்க்கம், இது புறம் பேசுவதாகாதா?" என்பர் சிலர். தனிமனிதனின் அந்தரங்கக் குறை வேறு. பலருடைய கிணற்றைக் கெடுக்கும் அநீதி வேறு. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் 'ரியாளுஸ் ஸாலிஹீன்' நூலில் புறம் பேசுதல் அனுமதிக்கப்படும் ஆறு இடங்களைக் கூறுகிறார்கள். அநீதி குறித்து முறையிடுவதும், தீங்கிலிருந்து மக்களை எச்சரிப்பதும் அவற்றுள் உள்ளன.

"பணம் கொடுத்தால் கொடுத்தவர் சொன்னதைத்தானே எழுதுவார்?" என்பர் வேறு சிலர். நியாயமான அச்சம். அதற்குத் தீர்வு, கொடுக்காமலிருப்பதன்று. கொடுத்தபின் கையை எடுத்துக்கொள்வது. எந்தச் செய்தி என்பதை நன்கொடையாளர் தீர்மானிக்கக் கூடாது. அச்சேறும் முன் படித்துப் பார்க்கக் கேட்கக் கூடாது. யார் எவ்வளவு கொடுத்தார் என்பது அனைவரும் காண வெளியிடப்பட வேண்டும்.

"நம் பிரச்சினைகளே ஆயிரம் இருக்க, மலைவாசிக்கு ஏன்?" என்போருக்கு ஒன்றே சொல்வோம்: அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றிய நபிமொழிகளில் அண்டை வீட்டார் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு, திருமுக்கூடல் அருகே பாலாற்றில்தான் கலக்கிறது. நீருக்குத் தெரிந்த உறவு நமக்குத் தெரியாமல் போவது ஏன்?

என்ன செய்யலாம்?

ஸகாத்தைத் தொட வேண்டாம். அதற்குரிய எட்டு வகையினரை அத்தவ்பா அத்தியாயத்தின் 60 ஆம் வசனம் வரையறுத்துவிட்டது. பள்ளிவாசலுக்கென எழுதப்பட்ட வக்ஃபு வருமானத்தையும் தொட வேண்டாம். வக்ஃபு செய்தவரின் நிபந்தனை மீறப்படலாகாது. நாம் கேட்பது உபரியான ஸதகாவும் புதிய வக்ஃபும். இரண்டு கடைகளின் வாடகையை, மலையையும் ஆற்றையும் உழைப்பாளியையும் பற்றி எழுதும் செய்தியாளருக்கென ஒருவர் வக்ஃபு செய்யட்டும். அவர் இறந்த பின்னும் தொடரும் தர்மமாக அது நிற்கும். தேர்வுக்குழுவில் மூத்த செய்தியாளரும் வழக்கறிஞரும் மலைமக்களின் பிரதிநிதியும் இருக்கட்டும்; பணம் கொடுத்தவர் இருக்க வேண்டாம். எழுதுபவர் எந்தச் சமயத்தவராகவும் இருக்கட்டும். உண்மையாளராக இருந்தால் போதும். நம் பிள்ளைகளில் எழுத்தார்வம் உள்ளவருக்கு, மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் தருவதுபோல, இதழியல் படிக்கவும் உதவித்தொகை தருவோம்.

மினாராவை இன்னும் பத்தடி உயர்த்த நம்மிடம் பணம் இருக்கிறது. அதன் உச்சியிலிருந்து பார்த்தால் தெரிகின்ற மலையில் என்ன நடக்கிறது என்று அறிந்து சொல்பவருக்குக் கொடுக்க மட்டும் பணம் இல்லை என்று, நாளை மறுமையில் நாம் சொல்ல முடியுமா?

நீதிக்காகச் சாட்சி சொல்பவர்களோடு நம்மைச் சேர்ப்பானாக! சாட்சியை விலைபேசுவதிலிருந்து நம் செல்வத்தைக் காப்பானாக! ஆமீன்.