களைக்கொல்லியும் அயலார் பருத்தியும்

களைக்கொல்லி பூண்டுகளை நெருப்பைப்போற் பொசுக்குவதாகக் குடியானவர் பலர் எண்ணுகின்றனர். 1940களில் கண்டறியப்பட்ட 2,4-டி என்னும் மருந்தோ அவ்வாறு செய்வதன்று. செடியின் வளர்ச்சியை ஏவும் ஆக்சின் என்னும் பொருளைப்போல் அது நடிக்கிறது. ஆக்சின் மிகுந்தால் செடி அதனை மாற்றிக் குறைத்துக்கொள்ளும். இம்மருந்தையோ அகன்ற இலைப் பூண்டுகளால் விரைவிற் சிதைக்க இயலாது. ஆகவே தண்டு முறுகி, உணவு செல்லும் நாளங்கள் நசுங்கி, வளர்ந்தே மடிகின்றன. நெல்லும் சோளமும் இதனைச் சிதைத்துப் பெரும்பாலும் பிழைக்கின்றன. பருத்திக்கு அவ்வன்மை மிகக் குறைவு. காற்றில் வந்த சிறு திவலையே இலையை விரல்விரலாகக் குறுக்கிவிடும். நெல்லுக்குத் தெளித்த கருவியை வெறும் நீரில் அலசிப் பருத்திக்கு எடுப்பதும் (நம்மில் வழக்கந்தானே!) அதே கேட்டை விளைக்கும். செலவு சற்று ஏறினும் இம்மருந்துக்குத் தனிக் கருவி வைத்தலே தக்கதென்பது எமது கருத்து. காற்று வீசும் நாளில், பருத்திக் கொல்லையை அடுத்த வயலில் தெளித்தலை அறவே விலக்க வேண்டும்.