மரத்துக்கு மரியாதை உண்டு, வெட்டின கைக்கு?

கோலகங்சார் நமக்குப் பக்கத்து ஊர். அங்கே மாவட்ட அலுவலகத்தின் அருகில் ஒரு கிழட்டு ரப்பர் மரம் நிற்கிறது. 1877-ல் நட்ட கன்றுகளில் மிஞ்சியது அது. வெளியூர்க்காரர்கள் வந்து படம் பிடித்துப் போகிறார்கள். மரத்தைக் காத்தவர்களுக்கு நம் நன்றி. ஆனால், அதன் வம்சத்தை விடியுமுன் எழுந்து வெட்டிப் பால் எடுத்தவர்கள் யார் என்று அவர்களுக்கு யார் சொல்வது?

பத்துகாஜா கெல்லி கோட்டைக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிறார்கள். கெல்லி ஸ்மித் துரை 1926-ல் இறந்துபோக, பாதியில் நின்றுவிட்ட மாளிகை அது. வேலைசெய்த நம்மவர்கள் நோயில் மடிந்தபோது எழுந்த மாரியம்மன் கோயிலும் பக்கத்திலேயே இருக்கிறது. கோட்டையைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் கோயில் பக்கம் எட்டிப் பார்க்கிறார்கள்?

நம் சுங்கை சிப்புட் கதையும் அப்படித்தான். 1948 ஜூன் 16-ல் இங்கே தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் வந்தது, 1960 வரை நீடித்தது. துரைமார் பெயர்கள் சரித்திரப் புத்தகத்தில் இருக்கின்றன. முள்வேலிக்குள் அடைபட்டு, அளந்து கொடுத்த அரிசியில் பிள்ளை வளர்த்த தோட்டத்துத் தாய்மாரின் கதை எங்கே இருக்கிறது? பாட்டிமார் வாயில் மட்டும்தான்.

"பழைய லயம்தானேங்க, அதைப் போயி யாரு பாக்கப்போறா?" என்று நம்மவர்களே கேட்கிறார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் அதுவும் போய் வீடமைப்பு வந்துவிட்டது. பிரட்டுக்களம் எது, ஆயாக்கொட்டகை எது, பால் ஸ்டோர் எது என்று கைகாட்டத் தெரிந்தவர்கள் வயதாகிப் போனார்கள். நாளைக்குக் கோயிலை எடு என்று ஒருவர் வந்து நின்றால், "எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?" என்றுதான் முதலில் கேட்பார். கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் என்ன பதில் சொல்வோம்?

ஆகவே நாமே தொடங்க வேண்டும். வருஷத் திருவிழாவுக்குப் பழைய தோட்டத்துக் குடும்பங்கள் எங்கிருந்தாலும் வந்து சேருகின்றன. அவர்கள்தான் நமது முதல் பார்வையாளர்கள். கோயில் வாசலில் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் ஒரு பலகை வைப்போம். தோட்டத்தின் பெயர், எப்போது திறந்தது, எப்போது மூடியது, லயங்கள் எந்தப் பக்கம் இருந்தன என்று எழுதுவோம். மண்டபத்தில் ஒரு கண்ணாடி அலமாரி போதும். பால்வெட்டுக் கத்தி, மங்கு, காண்டாவாளி, பழைய சம்பளச் சீட்டு, கல்யாணப் படங்கள் எல்லாம் அதில் இருக்கட்டும். படத்தின் பின்னால் பெயர்களை எழுதி வைக்க மறக்கக்கூடாது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு தாத்தா பாட்டியிடம் உட்காரட்டும்.

ஒன்று மட்டும் சொல்லுவோம். லயத்து வாழ்க்கையைச் சொர்க்கம் போல எழுத வேண்டாம். ஒழுகின கூரையையும், கள்ளுக்கடையில் கரைந்த சம்பளத்தையும், பாதியில் நின்ற படிப்பையும் உள்ளபடி எழுதுவோம். பார்க்க வருகிறவர்களுக்கும் நம் பேரப்பிள்ளைகளுக்கும் உண்மைதான் வேண்டும்.

2005-ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டத்தின்படி, ஓர் இடத்தைத் தேசியப் பாரம்பரியமாக அறிவிக்கும்படி யார் வேண்டுமானாலும் அமைச்சருக்குப் பரிந்துரைக்கலாம். அதற்குத் துரையாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் வெறுங்கையோடு போனால் யார் கேட்பார்? கோயில் கமிட்டியாரே, வருகிற திருவிழாக் கூட்டத்தில் தேர் அலங்காரத்தோடு இதையும் ஒரு விஷயமாக எடுத்துப் பேசுங்கள்.