"மாஷா அல்லாஹ்" போதாது, குறையையும் சொல்லுங்கள்

வீதியோரம் புதிதாகக் கடை திறக்கும் வியாபாரி, பெயர்ப்பலகையை மாட்டியதும் எதிர்ப்பக்கம் போய் நின்று பார்ப்பார். எழுத்து தெளிவாகத் தெரிகிறதா, வயோதிபர் ஒருவர் இந்தப் படியில் ஏறுவாரா என்று தானும் யோசிப்பார், பக்கத்துக் கடைக்காரரையும் கேட்பார். இது வாப்பாமாரிடமிருந்து நாம் கற்ற வியாபாரப் பாடம். ஆனால் அதே வியாபாரி இணையத்தளம் ஒன்றை அமைத்ததும் இந்தப் பாடத்தை மறந்துவிடுகிறார். தளத்தின் முகவரியை வட்ஸ்அப் குழுமங்களுக்கு அனுப்பி, "எப்படி இருக்கிறது?" என்று கேட்கிறார். வரிசையாக "மாஷா அல்லாஹ்" வந்து விழுகிறது. அத்தோடு ஆலோசனை கேட்டு முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்.

வாழ்த்தை ஆலோசனை என்று எண்ணுவதால் வரும் நட்டத்தை எனது உறவுக்குள்ளேயே கண்டேன். மருதமுனையில் என் மருமகன் ஒருவர் கைத்தறிச் சாறனும் சாரியும் விற்கிறார். 2020இல் கொரோனா ஊரடங்கின்போது வெளியூர் வியாபாரிகளின் வரவு நின்றது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் நூலும் சாயமும் விலையேறின. இனி நேரடியாக வாடிக்கையாளருக்கே விற்போம் என்று முடிவெடுத்து, மனைவியின் நகையை ஈடுவைத்து இணையத்தளம் ஒன்றைச் செய்வித்தார். பார்வைக்கு அழகான தளம்தான். பாராட்டுகள் குவிந்தன. மூன்று மாதம் கழிந்தும் வந்த ஓடர்கள் இரண்டு. அந்த இரண்டும் சொந்தக்காரர்களுடையவை.

தறியை நிறுத்திவிட்டு வெளிநாடு போகலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்த ஒரு நாளில், பக்கத்து வீட்டு ராத்தாவிடம் கைத்தொலைபேசியைக் கொடுத்து, "உங்கட மகனுக்கு இதில ஒரு சாறன் வாங்குங்க ராத்தா" என்றோம். அதற்கு மேல் எதுவும் பேசுவதில்லை என்று எங்களுக்குள் பேசிவைத்திருந்தோம். முகப்பில் படங்கள் தாமாகவே மாறிக்கொண்டிருந்தன. அவர் தொட நினைத்த படம் தொடுவதற்குள் போய்விட்டது. வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் நிற எழுத்து, அதுவும் பொடி எழுத்து. விலை இருக்க வேண்டிய இடத்தில் "விலைக்குத் தொடர்புகொள்ளவும்" என்றிருந்தது. நான்கைந்து நிமிடம் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு மகன், என்ட கண்ணுதான் சரியில்ல" என்று திருப்பித் தந்தார்.

அந்த ஒரு வார்த்தையில்தான் முழுப் பாடமும் இருக்கிறது. வாங்க முடியாமல் போனவர் தளத்தைக் குறைசொல்லவில்லை. தன் கண்ணைக் குறைசொன்னார். நமது வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் இப்படித்தான். சண்டை பிடிக்கமாட்டார்கள், கடிதம் எழுதமாட்டார்கள். மௌனமாகப் போய்விடுவார்கள். கடைக்குள் வந்து திரும்பிப் போகிறவரின் முகமாவது முதலாளிக்குத் தெரியும். இணையத்தளத்தில் அதுவும் தெரியாது.

ஆகவே கருத்துக் கேட்கும் முறையையே நாம் மாற்ற வேண்டும். "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் மரியாதைதான் பதிலாக வரும். அதற்குப் பதிலாக ஒரு வேலையைக் கொடுங்கள். "இன்ன நிறத்தில் ஒரு சாறனைத் தேடி எடுங்கள்", "காத்தான்குடிக்கு அனுப்ப எவ்வளவு செலவாகும் என்று பாருங்கள்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் இருங்கள். "அந்த மூலையில் அமத்துங்க" என்று ஒருதரம் நீங்கள் காட்டிக்கொடுத்தால் சோதனை அங்கேயே முடிந்துவிட்டது. நாளைக்கு வாங்க வருகிறவர் பக்கத்தில் நீங்கள் இருக்கப்போவதில்லை.

இதற்குப் பெரிய செலவும் தேவையில்லை. இத்துறையில் பெயர்பெற்ற டென்மார்க் நாட்டு நிபுணர் ஜேக்கப் நீல்சன், ஐந்து பேரை வைத்துப் பார்த்தாலே சுமார் 85 வீதமான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று 2000ஆம் ஆண்டிலேயே எழுதினார். பதினைந்து பேரை ஒரே தடவையில் பார்ப்பதைவிட, ஐந்து பேரைப் பார்த்துத் திருத்திவிட்டு மறுபடி ஐந்து பேரைப் பார்ப்பதே நல்லது என்பதும் அவரது கருத்து. அந்த ஐந்து பேரும் உங்கள் நண்பர்களாகவோ கணினி படித்த பிள்ளைகளாகவோ இருக்கக்கூடாது. உங்களிடம் வாங்கக்கூடியவர்களாக இருக்க வேண்டும். விலை குறைந்த தொலைபேசியில், சாதாரண டேட்டாவில், வெயில் வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

எல்லோர் சொல்வதையும் கேட்டு ஆடவும் வேண்டாம். பச்சை நல்லது என்பார் ஒருவர், நீலம் நல்லது என்பார் இன்னொருவர். அது அவரவர் ரசனை. ஆனால் ஐந்து பேரில் மூன்று பேர் ஒரே இடத்தில் தடுமாறினால், அந்த இடம் பிழை. அதில் வாதத்துக்கு இடமில்லை.

தமிழில் தளம் அமைப்போர் வாசிப்பு விடயத்தில் இன்னும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். முன்பு பாமினி எழுத்துருவில் அமைத்த தளங்கள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தன. யூனிகோட் பரவியபின் அந்தத் தொல்லை நீங்கியது. ஆயினும் விபரங்களைப் படமாக்கி ஒட்டும் பழக்கம் சிலரை இன்னும் விடவில்லை. படத்திலுள்ள எழுத்து சிறிய திரையில் சுருங்கிவிடும். கண்பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளுக்கும் அது பெரும்பாலும் எட்டாது. மேலும் நமது எழுத்துகள் வளைவும் சுழியும் நிறைந்தவை, சொற்களும் நீளமானவை. ஆங்கிலத்துக்குப் போதுமான எழுத்தளவும் வரி இடைவெளியும் தமிழுக்குப் போதாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 ஆவது இருக்க வேண்டும் என்று 2008இல் வெளியான சர்வதேச இணைய அணுகல் வழிகாட்டி கூறுகிறது. இதை அளந்து காட்டும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. வெளிர் சாம்பல் எழுத்து அந்த அளவில் தேறாது.

விலை மறைப்பது வடிவமைப்புக் குறை மாத்திரமல்ல. சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்து, உள்ளே ஈரம் இருக்கக் கண்ட நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள், நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக்கூடாதா என்று அந்த வியாபாரியைக் கேட்ட சம்பவம் நாம் எல்லோரும் அறிந்தது. விலை, அனுப்பும் செலவு, சாயம் போகுமா, பிடிக்காவிட்டால் மாற்றித் தருவீர்களா என்பவற்றைக் கடைசிப் பக்கத்தின் அடியில் புதைப்பது, ஈரத்தை உள்ளே வைப்பதற்கு ஒப்பானதே. ஐந்து பேரிடம் காட்டிப் பாருங்கள். அவர்கள் முதலில் தேடுவது இவற்றைத்தான்.

கருத்துச் சொல்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களிடம் ஆலோசனை கேட்கப்பட்டால் அது உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். முகத்துக்காகப் புகழ்ந்துவிட்டுப் போவதால் ஒரு சகோதரரின் முதலீடு கரைகிறது. மாஷா அல்லாஹ் சொல்லுங்கள், பரக்கத்துக்கு துஆவும் செய்யுங்கள். அதன்பின், "விலையைக் காணவில்லை தம்பி, எழுத்து வாசிக்கக் கஷ்டம்" என்பதையும் தனியாக அழைத்துச் சொல்லுங்கள்.

தளம் செய்விப்போர் மற்றொன்றையும் மறக்க வேண்டாம். வடிவமைப்பாளருக்குக் கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்குமுன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். அதில் காணும் குறைகளைத் திருத்தித் தருவதும் வேலையில் அடங்கும் என்று ஆரம்பத்திலேயே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்.

மருமகன் அசையும் படங்களை எடுத்துவிட்டார். எழுத்தைப் பெரிதாக்கிக் கறுப்பாக்கினார். ஒவ்வொரு சாறனுக்கும் கீழே விலையையும் நீள அகலத்தையும் போட்டார். பிறகு அதே ராத்தாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். இம்முறை அவர் ஒரு சாறனைத் தெரிவுசெய்து, முகவரி எழுதும் இடம்வரை தானாகவே போனார். அங்கே மறுபடி தடுமாறினார். வீட்டிலக்கம் இல்லாத ஊர் முகவரியைத் தளம் ஏற்கவில்லை. மருமகன் அதையும் குறித்துக்கொண்டார். வெளிநாட்டுப் பேச்சு இப்போது இல்லை. இன்ஷா அல்லாஹ், அடுத்த ஐந்து பேரைத் தேடிக்கொண்டிருக்கிறார்.