ஆண்டு விழாவும் ஜூன் மாத வருகையும்

பங்குனி மாதத்தில் மாகறல் வட்டாரத்துச் சிற்றூர்களில் இரண்டு கணக்குகள் முடிவுக்கு வருகின்றன. ஒன்று கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கு. மற்றொன்று உயர்நிலைப் பள்ளியின் ஆண்டுக் கணக்கு. சங்கத்துப் பொதுக்குழுவில் நாம் ஒவ்வொரு ரூபாய்க்கும் விளக்கம் கேட்கிறோம். பள்ளி ஆண்டு விழாவிலோ மின்விளக்குகளையும் நடனங்களையும் கண்டு கைதட்டிவிட்டு வீடு திரும்புகிறோம். இவ்வேறுபாடு நமக்கு அழகன்று.

விழா வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. செய்யாற்றங்கரையில் சம்பந்தர் பாடிய ஈசன் கோயில் கொண்டுள்ள ஊருக்கு விழாவின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. சிறிய பள்ளிக்குத் தனிச் சிறப்பொன்று உண்டு. அங்கே ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி அழைப்பார். பெற்றோரின் தறியும் நிலமும் எங்கேயென்றும் அறிவார். விளையாட்டுப் போட்டி, நாடகம், பிரிவுபசாரம் ஆகியவற்றில் ஊரே ஒரு குடும்பமாகக் கூடுவது நற்பேறே. ஆனால் ஒரு நாள் நடனத்திற்காக வாடகை உடையும், பிரிவுபசாரத்திற்கு ஒரே நிறச் சேலையும் வாங்கப் பிள்ளைகளிடம் பணம் கேட்கும் வழக்கம் பரவி வருகிறது. பணம் கொடுக்க இயலாத பிள்ளை அன்றைக்கு உடல்நலமில்லையென்று சொல்லி வீட்டிலேயே தங்கிவிடுகிறது. ஒரு பிள்ளையையேனும் மறைந்து நிற்கச் செய்யும் விழா ஊர் விழாவாகுமா?

இதனினும் பெரிய கவலை விழாவுக்குப் பின் வரும் கோடை விடுமுறையைப் பற்றியது. கோர்வைச் சேலையில் உடலும் கரையும் தனித்தனி நாடாக்களால் நெய்யப்படுகின்றன. ஆதலின் நெய்பவருக்கு அருகே துணையாள் ஒருவர் அமர வேண்டும். முற்காலத்தில் அவ்விடத்தில் அமர்ந்தவர்கள் பெரும்பாலும் சிறுவர்களே. 1986ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2016ஆம் ஆண்டுத் திருத்தமும் பதினான்கு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதைத் தடுக்கின்றன. எனினும் அபாயமற்ற குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் கழிந்த பின்னரும் விடுமுறையிலும் பெற்றோருக்கு உதவலாமென்று அத்திருத்தம் இடமளிக்கிறது. தொழிலைக் கற்பது இழிவன்று. அது நம் பெருமை. ஆனால் மே மாதத்தில் உதவிக்கு அமர்ந்த பிள்ளை ஜூன் மாதத்தில் பள்ளிக்குத் திரும்புகிறதா என்பதே கேள்வி. வயலுக்குச் செல்லும் பிள்ளைக்கும், தேர்வில் தவறியதால் நாணி ஒதுங்கும் பிள்ளைக்கும் இக்கேள்வி பொருந்தும்.

நமக்கு அருகிலுள்ள உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவன் மட்டுமின்றி, அவனுடைய உறவினரும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படலாகாதென்று அவை விதிக்கின்றன. பொதுப்பொருளுக்கே அத்தனை கண்டிப்பென்றால், பொதுச்செல்வமாகிய பிள்ளைகளுக்குக் கணக்கு வேண்டாமா?

பள்ளி விவகாரத்தில் சங்கத்திற்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். 1844இல் ராச்டேலில் தொடங்கிய முன்னோடிச் சங்கம் பிற்பாடு தன் இலாபத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கு ஒதுக்கியது. இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904இல் நம் காஞ்சிபுரத்திலேதான் பதிவாயிற்று. 1958இல் காமராசர் ஆட்சியில், நெ.து. சுந்தரவடிவேலு அவர்கள் கல்வி இயக்குநராயிருந்தபோது, பழைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடியது. பள்ளிக்கு வேண்டியவற்றை ஊரார் தாமே மனமுவந்து அளித்தனர். கூட்டுறவும் கல்விப்பணியும் நமக்குப் புதியவையல்ல.

ஆகவே நாம் வேண்டுவது இது. ஆண்டு விழாவை, தறிக்கு ஓய்வு தரும் அமாவாசையை ஒட்டியும், நவரை அறுவடைக்கு இடையூறின்றியும் ஒரு மாலையில் நடத்துக. பிள்ளைகளிடம் பணம் பெறாது, செலவைச் சங்கமும் ஊராரும் பகிர்ந்துகொள்க. முதற்பரிசு பெறும் மாணவனைப் பாராட்டுவது போலவே, பின்தங்கியிருந்து முன்னேறிய மாணவியையும் மேடையேற்றுக. ஆண்டறிக்கையில் எத்தனை பேர் சேர்ந்தனர், எத்தனை பேர் நிலைத்தனர், எத்தனை பேர் நின்றனர் என்று எண்ணிக்கையை மட்டும் வாசிக்க. பெயரைச் சொல்லி எவரையும் நாணச் செய்யலாகாது. நின்றவர் வீட்டிற்குப் பள்ளி மேலாண்மைக் குழுவினர் தனியே செல்க. சட்டப்படி அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். தாய் ஒருத்தி மற்றொரு தாயிடம் பேசும் சொல்லுக்கு வலிமை மிகுதி. பத்தாம் வகுப்பில் தவறியோருக்குத் துணைத் தேர்வு உண்டென்பதை அறிவித்து, மாலை நேரத்தில் படிக்கச் சங்கக் கட்டிடத்தில் ஓர் அறையும் விளக்கும் அளிப்பது நமக்குப் பெருஞ்செலவன்று.

பாவில் ஓரிழை அறுந்தால் நெசவாளி தறியை நிறுத்தி முடிச்சிட்ட பின்னரே மேலே நெய்கிறார். அறுந்ததை விட்டுவிட்டு நெய்தால் சேலை முழுவதும் குறை தெரியும். பள்ளி திறக்கும் நாளில் எந்த இருக்கை காலியாயுள்ளது என்று பார்த்து அவ்வீட்டுக் கதவைத் தட்டும் ஊரே ஆண்டு விழாக் கொண்டாடத் தகுதியுடைய ஊராகும்.