திரையில் யாருடைய ஆட்சி?

அலுவலகப் பெயர்ப்பலகையைக் கண்டு அரசை அறிந்த காலம் போயிற்று. இன்று குடிமகன் அரசைக் காண்பது கைப்பேசித் திரையில். அங்கே எம்மொழி பெரிதாய் நிற்கிறது, எம்மொழி மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறது என்பதை ஒரு சொல்லும் படிக்குமுன்னரே கண் கண்டுகொள்கிறது. இது தனக்கென ஆக்கப்பட்டதா, பிறர்க்கென ஆக்கித் தன்முன் வைக்கப்பட்டதா என்னும் தீர்ப்பும் அந்நொடியிலேயே முடிந்துவிடுகிறது.

2021 சூன் திங்களில், கொரோனாத் தொற்றின் கொடுமைக்கிடையே, தடுப்பூசிக்குப் பதிவு செய்யும் நடுவணரசின் கோவின் தளத்தில் இந்தி, தெலுங்கு, கன்னடம், மலையாளம், வங்கம் முதலிய மொழிகள் சேர்க்கப்பட்டன. தமிழ் இல்லை! எதிர்ப்பெழுந்த பின்னரே சேர்த்தனர். 2024 நவம்பரில் இந்திய வாழ்நாள் காப்பீட்டுக் கழகத்தின் தளம் இந்தி முகத்தோடு திறந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் தொழில்நுட்பக் கோளாறு என்றனர். கோளாறு ஒருமுறையேனும் தமிழின் பக்கம் சாயாதது வியப்பே!

தில்லியைச் சாடிவிட்டு ஓய்தல் எளிது. தமிழ்நாட்டில் ஆட்சிமொழிச் சட்டம் 1956-இலேயே இயற்றப்பட்டது. நிலப்பட்டாவை இணையத்தில் எடுக்கும் உழவர்க்கு அது தமிழிலேயே கிடைக்கிறது. ('பட்டா' தமிழா என்பது வேறு வழக்கு.) தம் பெயரையும் ஊரையும் அவரே படித்துச் சரிபார்த்துக்கொள்கிறார். இங்ஙனம் செய்ய இயலுமென்று காட்டிய பின்னும், அரசுத் தளங்கள் பலவற்றில் தமிழ் நெற்றிச்சுட்டியாகவே தொங்குகிறது. முகப்பில் தமிழ், உள்ளே விண்ணப்பம் ஆங்கிலம், தவறினால் சிவப்பில் தோன்றும் எச்சரிக்கை ஆங்கிலம், மாந்தனென்று மெய்ப்பிக்கத் தட்டவேண்டிய கோணல் எழுத்துகளும் ஆங்கிலம்.

தமிழ் இருக்குமிடத்தும் அதன் உருவத்திற்கு இடமில்லை. ஆங்கிலச் சொல்லின் அகலத்துக்கு வெட்டிய பொத்தானில் தமிழ்ச்சொல் பாதியில் முறிகிறது. 'கி', 'கீ' மேலே நீளும். 'கு', 'கூ' கீழே இறங்கும். வரிகளுக்கிடையே அதற்கேற்ற இடைவெளி விடாவிடின் மேற்சுழியும் கீழ்வளைவும் அறுபடும். சிற்றெழுத்தில், அதுவும் வெளிறிய சாம்பல் நிறத்தில் இட்டால், முதலில் மறைவது புள்ளி. 'கல்' 'கல' ஆகும். 'மண்' 'மண' ஆகும். எழுத்துரு பழுதுபட்டாலோ 'கொ'வின் கொம்பும் காலும் பிரிந்து, நடுவே புள்ளிவட்டமொன்று இளித்துக்கொண்டு நிற்கும். இவற்றைக் காணும் முதியவர், தமிழ் கணினிக்கு ஒவ்வாதென எண்ணுகிறார்; தம் கண்ணையே குறை கூறிக்கொள்கிறார். பிழை வடிவமைத்தவனுடையது.

அடுத்து அவர் போவது இ-சேவை மையத்திற்கு. அங்கே திரை பணியாளரை நோக்கியிருக்கிறது. முதியவர் காண்பது அதன் முதுகை. தம் பெயர் எவ்வெழுத்தில் பதிந்ததென்று அறியாமலே கட்டணம் கொடுத்துத் திரும்புகிறார்.

ஆங்கிலத்தில் வரைந்து முடித்துவிட்டு மேலே மொழிபெயர்ப்பை ஒட்டும் வழக்கம் ஒழிதல் வேண்டும். படிவத்தின் முதல் வரைவே தமிழில் எழுக! பொத்தானின் அகலம் தமிழ்ச்சொல்லை அளந்து அமைக! பெயர்க்கட்டம் தமிழெழுத்தை ஏற்க! தளத்தைத் திறந்துவைக்குமுன், ஆங்கிலமறியா உழத்தி ஒருவரை அதன்முன் அமர்த்தித் துணையின்றி ஒரு சான்றிதழுக்கு விண்ணப்பிக்கச் சொல்லட்டும். அலுவலர்கள் வாய்திறவாது பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.