மூன்றாம் வரிசைக்கு ஓர் ஆள்

வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கி லீக்கில் பருவத்தின் பிற்பகுதி வந்தால், கிண்ணம் வெல்லத் தகுதியுள்ள அணிகளிடம் ஒரு கேள்வி எழும். மூன்றாம் அல்லது நான்காம் வரிசையில் ஆட இன்னொரு முன்கள வீரரை விலை கொடுத்து எடுக்கலாமா? பனிக்கட்டியைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் மட்டும் கண்ட நான் இதில் கருத்துச் சொல்வது சிலருக்குச் சிரிப்பாக இருக்கலாம். ஆயினும் சொல்கிறேன். எடுக்கலாம், அவர் செய்ய வேண்டிய வேலை இன்னதென்று அணிக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால்.

ஐஸ் ஹொக்கியில் முன்கள வீரர்கள் மூவர் மூவராக நான்கு வரிசைகளில் மாறி மாறி இறங்குவர். 60 நிமிட ஆட்டத்தில் நட்சத்திர வீரர்கூட ஏறத்தாழ 20 நிமிடமே களத்தில் இருப்பார். மிகுதி நேரத்தைக் காப்பவர்கள் பெயர் தெரியாத மற்றவர்களே. அவர்களுக்கான விலை பெரும்பாலும் பணமல்ல. புதுமுகங்களைத் தெரிவுசெய்யும் உரிமை. அந்த உரிமை என்பது நாளை அணிக்கு வரவிருக்கும் 18 வயது இளைஞன் ஒருவன். அதனால்தான் இது இலேசான கேள்வியல்ல.

டம்பா பே லைட்னிங் அணியைப் பாருங்கள். 2018-19 பருவத்தில் 82 ஆட்டங்களில் 62 வெற்றி. குச்செரோவ், ஸ்டாம்கோஸ் போன்ற நட்சத்திரங்கள் நிறைந்த அணி. அப்படியிருந்தும் கிண்ணத்துக்கான முதற்சுற்றிலேயே கொலம்பஸ் அணியிடம் நான்கு ஆட்டங்களிலும் தோற்று வெளியேறியது.

2020 பெப்ரவரியில் அதன் முகாமையாளர் ஜூலியன் பிரிஸ்புவா, பிளேக் கோல்மன், பார்க்ளே குட்ரோ ஆகிய இருவரை எடுத்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு முதற்சுற்றுத் தெரிவுரிமை போனது; கோல்மனுக்காக முந்திய ஆண்டின் முதற்சுற்றில் தெரிவான இளைஞர் ஒருவரும் போனார். குட்ரோ அந்தப் பருவத்தில் பத்துக் கோல்கூட அடிக்காதவர்! ஆனால் இருவரும் யானி கூர்டுடன் சேர்ந்து எதிரணியின் சிறந்த வரிசைகளை மறித்தார்கள். இருவரின் ஆண்டுச் சம்பளமும் சேர்த்து 3 மில்லியன் டொலருக்குக் குறைவு. ஒப்பந்தத்தில் இன்னுமோர் ஆண்டும் மிச்சமிருந்தது. ஒவ்வோர் அணிக்கும் 81.5 மில்லியன் டொலர் சம்பள உச்சவரம்பு இருந்த காலத்தில் அது பெரிய காரியம். 2020இலும் 2021இலும் கிண்ணம் டம்பாவுக்கே. 2021 இறுதித் தொடரின் இரண்டாவது ஆட்டத்தில், இரண்டாம் பகுதி முடியும் கடைசிக் கணத்தில் குட்ரோ தள்ளிக்கொடுத்ததைக் கோல்மன் பாய்ந்து விழுந்தபடியே கோலாக்கினார்.

அதே முகாமையாளர் 2023இல் நாஷ்வில் அணியிடமிருந்து டனர் ஜெனோவை எடுத்தார். விலை ஐந்து தெரிவுரிமைகளும் ஒரு பின்கள வீரரும். நட்சத்திரங்களுக்கு வயது ஏறுகிறது, இன்று தெரிவாகும் இளைஞன் வளரும்வரை காத்திருக்க முடியாது என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் ஜெனோ முந்திய பருவத்தில் 24 கோல் அடித்தவர். எடுக்கப்பட்ட பருவத்தில் அதுவரை 56 ஆட்டங்களில் ஐந்துதான். பழைய 24க்குத்தான் விலை கொடுத்தார்கள் என்றே எனக்குப் படுகிறது. டம்பாவுக்காக அந்தப் பருவத்தின் மிகுதி 20 ஆட்டங்களில் அவர் அடித்தது ஒரே ஒரு கோல். முதற்சுற்றில் டொரொன்டோவிடம் அணி தோற்றது.

ஜெனோவைக் குறைகூற எனக்கு மனமில்லை. அவர் எப்போதும் ஆடும் முரட்டு ஆட்டத்தையே ஆடினார். விலையைத் தீர்மானித்தவர் அவரல்லர். 2024 ஜூனில் லொஸ் ஏஞ்சல்ஸ் அணி அவரைப் பெற்றுக்கொண்டபோது கொடுத்தது ஓர் இரண்டாம் சுற்றுத் தெரிவும் ஒரு நான்காம் சுற்றுத் தெரிவும் மட்டுமே.